பாலில் தெரிந்த நூல்

எது முதலில் நடந்தது என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. மகள் குடித்த பாலில் அந்தச் சாம்பல் நிற நூலைப் பார்த்த பிறகு வீரம்மாவின் பெயர் மனதில் வந்ததா, பெயர் வந்த பிறகுதான் நூல் கண்ணில் பட்டதா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் ஞாபகம் வருகிறது. என் மனைவி தனுஜாவிடம் கேட்டால், "முடிஞ்சதப் போட்டு ஏன் நோண்டுறீங்க?" என்கிறாள். ஆகவே அந்த நூலைக் காட்டிய கருவியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். என்னைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

அந்த நுணுக்குக்காட்டியை ஹட்டனில் வாங்கினேன். பஸ் நிலையத்துக்கு மேலே படிக்கட்டுச் சந்தில் இக்னேசியஸ் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பழைய புத்தகம் வாங்க அடிக்கடி அங்கே போவேன். அன்றைக்கு ஏதோ ஒரு பங்களாவைக் காலி செய்த சாமான்கள் வந்திறங்கியிருந்தன. அவற்றுக்கிடையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே பச்சை பிடித்த பித்தளைக் குழாயும், கறுப்பு இரும்புக் காலும், வெளிச்சத்தைத் திருப்பிவிட அடியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியும்.

"இது எதுக்குத் தம்பி? பேன் பாக்கவா?" என்றார் இக்னேசியஸ்.

"சும்மா. பாக்கலாம்னு."

"வெறுங்கண்ணுக்குத் தெரியுற அசிங்கம் பத்தலயாக்கும். எடுத்துட்டுப் போங்க. பெட்டிக்குள்ள எலி குட்டி போட்டிருந்திச்சு. தொடச்சுத்தான் வச்சிருக்கேன்."

துடைத்தது போதவில்லை. எங்கள் தோட்டம் இருக்கிற அக்கரப்பத்தனை வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட்டிலிருந்து எலி மூத்திர வாடை வழியெல்லாம் மேலே எழும்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள். பெட்டியை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அந்த மாதம் எனக்கு இரவு வேலை என்பதால் பகலில் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் வெயில் ஒன்பது மணிக்கு வந்து பதினொரு மணிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மூட்டம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் பார்க்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் என் கண்ணிமை மயிரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும், குழாயைக் கீழே இறக்கிவிட்டு மேலே தூக்கிக்கொண்டு வந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் கை பழகப் பழகத்தான் தெரிந்தது. பொருளை வைக்கும் கண்ணாடித் தட்டுகள் இல்லை. உடைந்த சாமி படத்துக் கண்ணாடியை ஆணிக்கடையில் கொடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி வாங்கினேன்.

முதலில் தெரிந்தது வெங்காயத் தோல். நீளநீளமாக அடுக்கடுக்காக, ஒரே அளவு அறைகளாகக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்து வீடுகள் மாதிரி இருந்தது. அது அழகாகத்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் என் பல்லிடுக்கில் சுரண்டி எடுத்த வெள்ளையை வைத்துப் பார்த்தேன். அதற்குள் ஏதோ நெளிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி வந்து பார்த்தேன். பிறகு ஈயின் கால். பிறகு நாங்கள் எல்லோரும் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற பீலியின் வாயில் தொங்கிய பாசி. அதில் கண்ணாடி போன்ற ஒரு புழு, தன் வயிற்றுக்குள் வேறு எதையோ அரைத்துக்கொண்டே போனது. அருவருப்பில் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அருவருப்புக்கும் ஒரு பசி இருப்பதை அந்த வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். தயிரை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன். சோற்றை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"சோத்த ஏங்க அப்புடி மொறைக்கிறீங்க?" என்றாள் தனுஜா. "அது என்ன எந்திரிச்சு ஓடவா போவுது?"

பொதுவாகவே நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பத்து வார்த்தையோடு முடிந்துவிடுவதும் உண்டு. அந்த மௌனத்தை நான் ஏதோ ஒரு நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை வைத்துப் பார்க்கிற மேல்முனையில் கழற்றி மாட்டக்கூடிய பார்வைத்துண்டு ஒன்று உண்டு. பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று பலம் குறைந்தது. மற்றது பலம் கூடியது. கூடியதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்த ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

வீரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் அவள் உதவியாள். பால் காய்ச்சுவது, போத்தல் கழுவுவது, பிள்ளைகளைத் துடைத்துவிடுவது அவள் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மழைநாளில் மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கியவள். சரிவில் ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தோட்டத்தில் சமதரையில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய வேலை அது ஒன்றுதான். புருஷன் இல்லை. மகன் வத்தளையில் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தான்.

அவளுடைய அப்பா எங்கள் லயங்களின் வாசல்கூட்டி. சாக்கடைக் கான் கழுவி, கக்கூஸ் கழுவி, வாசல் கூட்டுகிற வேலை. தாத்தாவும் அதுதான். இப்போது யாரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை. ஆனால் எல்லோரையும் அக்கா, அத்தை, சித்தி என்று கூப்பிடுகிற எங்கள் தோட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைகூட அவளை "வீரம்மா" என்றுதான் கூப்பிடும். அவளுக்கு மடுவத்தில் வேலை கிடைத்த மாதமே சில தாய்மார் வீட்டிலிருந்து போத்தலில் பால் கொடுத்துவிடத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு வேறு பால் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். நான் அப்படிச் செய்ய விடவில்லை. என் மகள் வீரம்மாவின் கையால் குடிக்கிறாள் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. நாலு புத்தகம் படித்தவனுக்கு வருகிற பெருமை. இப்போது நினைத்தால் பல்லிடுக்கு வெள்ளையைப் பார்த்தபோது வந்த அதே குமட்டல் வருகிறது.

ஐப்பசி மழையில் மகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரு காலை தனுஜா மடுவத்திலிருந்து மகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் பாதி குடித்த பால் போத்தல்.

"அந்தக் கண்ணாடியில ஊரு அசிங்கத்தையெல்லாம் பாக்குறீங்கள்ல? இதப் பாருங்க."

வெயில் நன்றாக இருந்தது. இது முக்கியமான விஷயம் என்று பலம் கூடிய பார்வைத்துண்டை முதன்முறையாக எடுத்து மாட்டினேன். ஒரு சொட்டுப் பால். உருண்டை உருண்டையாகக் கொழுப்புத் துளிகள் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் குறுக்கே, வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து நடுவரைக்கும், சாம்பல் நிறத்தில் கிளைகிளையாகப் பிரிந்த ஒரு நூல். மரத்து வேர் மாதிரி. சளியில் ஊறிய மயிர் மாதிரி. தனுஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவள் மகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"வீட்டுப் பாலையும் பாருங்க," என்றாள்.

மடுவத்தில் கரைக்கிற அதே கம்பனிப் பால்மாவில் அவள் கரைத்துக் கொண்டுவருவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. பலம் கூடிய துண்டில் இருட்டாக இருந்தது. வெளிச்சம் காணாது என்று அதைக் கழற்றிப் பலம் குறைந்ததை மாட்டிப் பார்த்தேன். உருண்டைகள் மட்டும். நூல் இல்லை.

ஒன்றை ஒரு துண்டாலும் மற்றதை வேறு துண்டாலும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத வேலை. எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை. மனதில் பதில் ஏற்கெனவே இருந்தது.

தனுஜா போனைப் பார்வைத்துண்டின்மேல் வைத்து எடுத்திருந்த படத்தைத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை எங்கள் தோட்டப் பிரிவின் டிவிசன் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பின்னேரம் நான் வேலைக்கு இறங்கும்போது கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் தலையோடு தலை முட்டி ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம புள்ளைங்க குடிச்ச பாலாம்டி."

"ஐயே, மூடு மூடு. கொமட்டுது."

"கை யாரு கை? கான் கழுவுன கையி. வேற என்ன வரும்?"

கடைசியாகச் சொன்னவள் எங்கள் பக்கத்துக் காம்பரா லெட்சுமி. என்னைக் கண்டதும், "நல்லவேள அண்ணே, நீங்க பாத்துச் சொன்னீங்க," என்றாள். நான் தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மடுவத்துக்கு மூன்று பிள்ளைகள் மட்டுமே வந்தன. அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. பெண்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு மலைக்கு வரவில்லை என்றதும் ஆபீஸ் பயந்தது. தோட்டத் தலைவர் ஜீவராஜ் என்னைத் தேடி வந்தார். எங்களுக்காகத் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுகிறவர் அவர். சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு மடுவத்தில் எல்லோரும் கூடுவது, அங்கேயே பேசி முடிவெடுத்துத் துரைக்குச் சொல்வது என்றார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வீரம்மாவை மலைக்கு அனுப்ப வேண்டும்.

"அந்த மிசினையும் தூக்கிட்டு வாங்கண்ணே. ஆளாளுக்கு ஒருக்காப் பாத்துட்டா பேச்சு முடிஞ்சுரும்."

சனிக்கிழமை காலையில் கருவியைத் துடைத்துத் தயார்செய்தேன். பலம் கூடிய துண்டை மாட்டி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று சும்மா கண்ணை வைத்தேன். கீழே எதுவும் வைக்கவில்லை. நூல் அங்கே இருந்தது.

தட்டைப் பார்த்தேன். தட்டே இல்லை. பார்வைத்துண்டைப் பிடித்து மெதுவாகத் திருகினேன். நூலும் கூடவே சுற்றியது. கழற்றி ஜன்னலில் பிடித்தேன். உள்பக்கக் கண்ணாடியில் பூஞ்சணம் வேர்விட்டிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் சப்பாத்திலும் புத்தக அட்டையிலும் பூக்கிற அதே பூஞ்சணம். இந்த ஈரத்தில் கண்ணாடிக்குள்ளும் அது முளைக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்போது முதலில் வந்தது வெட்கம் இல்லை. ஏமாற்றம். பாலில் ஒன்றும் இல்லையா என்ற ஏமாற்றம். அது என்னை விட்டுப் போக இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. அந்த நிமிடங்களில் நான் யாராக இருந்தேன் என்று நினைக்கப் பிடிக்கவில்லை.

மடுவத்தில் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்த பெண்கள். வீரம்மா பால் காய்ச்சுகிற குசினி வாசலில் நின்று ஏற்கெனவே கழுவிய ஒரு பால் போத்தலைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் கருவியை வைத்தேன்.

"இது கண்ணாடியில இருக்குற பூஞ்சணம்," என்றேன். "பால்ல இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன். கீழ ஒண்ணுமே வைக்கல. வந்து பாருங்க, அப்பவும் தெரியும்."

சத்தமாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். லெட்சுமி முதலில் வந்து குனிந்தாள். "ஐயே!" என்று முகத்தைத் திருப்பி வெளியே போய்த் துப்பினாள்.

"லெட்சுமி, அதுல பாலே இல்ல. வெறும் கண்ணாடி."

"பால் வைக்காமலே இப்படினா, வச்சா எப்புடிண்ணே இருக்கும்?"

சிரிப்பு எழுந்தது. அடுத்தவள் குனிந்தாள், அவளும் துப்பினாள். வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனாள். நான் மறுபடியும் சொன்னேன். பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுக்குப் பீலித் தண்ணீர் காரணமாக இருக்கலாம், சோதிக்கக் கொடுப்போம் என்றும் சொன்னேன்.

"பீலித் தண்ணிய நம்ம தாத்தன் காலத்துலருந்து குடிக்கிறோம்," என்றார் ஜீவராஜ். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒருநா இருக்குங்கிறீங்க, ஒருநா இல்லங்கிறீங்க. ஆனா பாத்தவங்க மனசுல பாத்தது பாத்ததுதான். இனிமே அத எந்தத் தண்ணி ஊத்திக் கழுவுறது? புள்ளைங்க விசயம்."

"எங்க புள்ளயும் இனி குடிக்காது," என்று ஒரு குரல் கேட்டது. தனுஜாவின் குரல். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் வீரம்மா வந்தாள். காலை இழுத்து இழுத்து, போத்தலை மேசையில் வைத்துவிட்டு, கருவிக்குப் பக்கத்தில் வலது கையை நீட்டினாள். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

"தம்பி, அதுல என் கையையும் வச்சுப் பாத்துருங்களேன். எல்லாரும் பாக்கட்டும். ஒரேயடியாத் தெரிஞ்சுரும்ல?"

யாரும் அசையவில்லை. கையை அதன்கீழ் வைக்க முடியாது, குழாய்க்கும் மேடைக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். அது போதும் என்று இப்போது நினைக்கிறேன். நான் அடிக்கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன், வெளிச்சம் சரியில்லாத மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில் அவளுடைய பெயரைக் கொழுந்து பறிக்கிறவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். பீலிக்கு வருகிற ஊற்றில் மலம் கலந்திருந்தது. மேலே இருந்த எங்கள் லயத்துக் கக்கூஸ் குழி வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் மாதக்கணக்காக எங்களுடையதையே குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் கூடிப் புதுக் குழி வெட்டினார்கள். பெண்கள் கோழிக்கறி சமைத்தார்கள். "நம்மது நமக்கே வந்திருக்கு," என்று ஜீவராஜ் சொல்லக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். யாரும் துப்பவில்லை. சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கறியை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். வீரம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா. அவள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் பலாக்கொட்டை நிறத்தில் பளபளவென்று வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"இருங்கக்கா," என்றேன். நாற்பது வருடத்தில் முதல்முறை. வாயில் அந்தச் சொல் இரவல் சட்டை மாதிரி இருந்தது.

அவளுக்கும் அது கேட்டிருக்கும். உள்ளே போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் வைத்தாள். நல்ல கோப்பை, பூப்போட்டது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாக்கியங்களை வழியிலேயே கோத்து வைத்திருந்தேன். முதலில் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும், குடித்துவிட்டுச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம் என்று தோன்றியது.

கோப்பையை எடுத்தேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். கோப்பை அங்கேயே நின்றது.

எனக்குத் தெரியும். பூஞ்சணம் கண்ணாடியில் இருந்தது. மலம் எங்கள் லயத்திலிருந்து வந்தது. அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறாள், ஆவி தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் அந்தச் சாம்பல் நூல் கோப்பைக்குள் கிளைவிட்டு மிதந்தது. குமட்டலை அடக்கக் கோப்பையைக் கீழே வைத்தேன். சூடாக இருப்பது போல விரலை ஊதிக்கொண்டேன்.

கீழே ஆற்றுப் பக்கம் மூட்டம் ஏறியது. தேத்தண்ணியின்மேல் ஆடை படியும் வரை இருந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிருச்சு தம்பி," என்றாள் கடைசியில். "குடுங்க."

வாங்கிக் கானில் ஊற்றினாள். பிறகு சாம்பல் போட்டு, எனக்கு முன்னாலேயே, அந்தக் கோப்பையை இரண்டு தடவை கழுவினாள்.

வீரம்மா எட்டு மாதம் மலைக்குப் போனாள். பிறகு முடியாமல் நின்றுவிட்டு மகனோடு வத்தளைக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். மடுவத்தில் அவளுடைய வேலை லெட்சுமியின் நாத்தனாருக்குக் கிடைத்தது. ஜீவராஜ் இன்னும் தலைவராக இருக்கிறார். இக்னேசியஸ் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு, பூண்டுலோயாவுக்குப் போய்விட்டார். என் மகள் முதலாம் வகுப்பில் படிக்கிறாள், வயிறு நன்றாக இருக்கிறது. தனுஜா கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் அதே தொழிற்சாலையில், அதே சலிக்கும் பகுதியில் இருக்கிறேன்.